அக்காவுக்குக் குடிப்பழக்கம்: பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் இடம் எது, வீட்டை யார் பார்ப்பது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மதுரைப் பக்கம் ஒரு ஊர். அக்காவுக்கு 35 வயது. மூத்தவள் நான்காம் வகுப்பு, சின்னவனுக்கு இரண்டரை வயது. அத்தான் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூர். சின்னவன் பிறந்த பிறகு அக்காவுக்குத் தூக்கமே இல்லாமல் போனது. முதலில் மாத்திரை, அப்புறம் அத்தான் வாங்கி வைத்திருக்கும் பிராந்தியில் கொஞ்சம். இப்போது காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நிற்கிறது. அரிசி டிரம்முக்குள் பாட்டில் இருந்ததை மூத்தவள்தான் எனக்குக் காட்டினாள்.

ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போன் செய்தேன். பேஷண்ட் பெயரைச் சொன்னதும் "லேடீஸ் எடுக்கிறதில்லை சார்" என்று வைத்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில் எடுப்பார்களாம். ஆனால் மூன்று மாதம் உள்ளே இருக்க வேண்டும், வீட்டுக்கு ஆள் அனுப்பி அவர்களே தூக்கிக்கொண்டு போவார்கள், பிள்ளைகளைக் காட்ட மாட்டார்கள். அத்தானுக்கு விஷயம் தெரியும், வெளியே தெரியக் கூடாது என்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கே சேர்ப்பது, சின்னவனை என்ன செய்வது, பின்னால் பிள்ளைகள் விஷயத்தில் சட்டச் சிக்கல் ஏதாவது வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம், அது வீட்டிலேயே நிறைய இருக்கிறது.

கரிசல்காட்டான்

தம்பி, எங்கள் பக்கம் கோயிலில் கயிறு கட்டுவார்கள். கட்டியவர்கள் வருடக்கணக்கில் தொடாமல் இருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் மெடிக்கலில் ஒரு மாத்திரை கிடைக்கும். காபியில் கலந்து கொடுத்துவிட்டால் குடித்ததும் வாந்தி எடுப்பார்கள், பயந்து தானாக விட்டுவிடுவார்கள். அக்காவிடம் சொல்லவே வேண்டாம். செலவும் இல்லை, ஊருக்கும் தெரியாது.

வார்டு_சிஸ்டர்

கரிசல் அண்ணா சொன்ன மாத்திரை விஷயத்தை இதைப் படிக்கும் யாரும் செய்துவிட வேண்டாம். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அந்த மாத்திரையின் பெயர் டைசல்ஃபிராம். நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்து, ஈரலும் இதயமும் தாங்குமா என்று பார்த்து, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆன பிறகுதான் டாக்டரே அதைத் தொடங்குவார். தெரியாமல் கொடுத்து, அவர் வழக்கம்போலக் குடித்தால் வாந்தியோடு போகாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் சரேலென்று இறங்கும். உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த வினை வர வாய்ப்பு உண்டு.

கயிறு கட்டுவதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கட்டிய அன்றே குடியை முழுதாக நிறுத்தச் சொல்வார்களே, அங்கேதான் எனக்குப் பயம். காலையில் கை நடுங்கி, குடித்தால் அடங்குகிறது என்றால் உடம்பு குடிக்குப் பழகிவிட்டது. அப்படிப்பட்டவர் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்கு ஆளே மாறிப்போகும். இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள், சொந்தப் பிள்ளையை அடையாளம் தெரியாது. அதை வைத்தியம் இல்லாமல் விட்டால் சாவுவரை போகும். மருத்துவமனையில் டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு, ஈரல் கெட்டிருந்தால் லோராஸிபாம் என்று கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். கூடவே தயமின் ஊசி, அதாவது பி1. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் அது போயிருக்க வேண்டும், இல்லையென்றால் மூளை பாதிக்கப்படலாம். "அக்கா வீக்காக இருக்கிறாள்" என்று பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வருகிறார்கள் பாருங்கள், குடிப்பதைச் சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் நாங்கள் பார்ப்பது கொஞ்சம் வேறு மாதிரி. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ வந்து படுத்திருப்பார்கள். குடிப்பீர்களா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி டிரிப்பைப் பிடுங்கிவிட்டு ஓடுவார்கள். மயக்க மருந்தா, பேயா, பைத்தியமா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆண் நோயாளியாக இருந்தால் அட்மிஷன் போடும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம்.

தம்பி, அக்காவுக்கு எப்போதாவது வலிப்பு வந்ததா? அந்தத் தூக்க மாத்திரை இன்னும் போகிறதா? பெயர் என்ன?

வைகைக்கரை

ஒரு தடவை குளியலறையில் விழுந்து கை கால் இழுத்தது என்று மூத்தவள் சொன்னாள். வெயில் மயக்கம் என்று அத்தான் முடித்துவிட்டார். மாத்திரை அல்பிரஸோலாம். தெரிந்த கடை, சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள்.

வார்டு_சிஸ்டர்

அப்படியென்றால் வீட்டில் வைத்து நிறுத்தும் பேச்சே வேண்டாம். வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். அல்பிரஸோலாமும் குடியும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது. அதற்காக மாத்திரையைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அதற்கும் வலிப்பு வரும். வாரக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். மனநலப் பிரிவில் காட்டும்போது காலி அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறார் என்பதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், டாக்டர் அந்தக் கணக்கை வைத்துத்தான் டோஸ் போடுவார்.

[நெறியாளர்]

இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். பெண்கள் குடிப்பதால்தான் மழை பெய்யவில்லை என்கிற ரீதியில் எழுத வேறு இடம் இருக்கிறது.

கூழாங்கல்

நானும் அரிசி டிரம் ஆள்தான். எனக்கு வாஷிங் மெஷின். குடியை விட்டு சில வருடம் ஆகிறது. தம்பிக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் பாட்டில் எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று பாருங்கள். 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக்கிடம் இருக்கிறது. அந்தக் கடை வாசலில் நம் ஊர்ப் பெண் போய் நிற்பாளா? ஆட்டோக்காரர், வேலைக்கு வரும் ஆள், பக்கத்துத் தெருப் பையன் என்று யாராவது ஒருவர் வாங்கித் தர வேண்டும். அதற்கு மேலே காசு கொடுக்க வேண்டும். அதோடு, வாங்கித் தருகிறவன் கையில் என் மானம் இருக்கிறது. என்னிடம் அவன் பணம் கேட்டான். வேறு சிலரிடம் வேறு கேட்டிருக்கிறான்கள். ஆண்களுக்கு இந்தப் பயம் கிடையாது. அக்காவிடம் இதைக் குற்ற விசாரணை மாதிரி கேட்காதீர்கள், ஆனால் அவள் யாருக்காவது பயந்துகொண்டிருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, குழு. என்னை முதலில் சேர்த்த இடத்தில் காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். சுற்றி எல்லாரும் ஆண்கள். பெண்டாட்டி தாலியை அடகு வைத்தேன், பிள்ளை ஃபீஸைக் குடித்தேன் என்று அழுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். என் கதையை அங்கே எப்படிச் சொல்வது? குடித்த ராத்திரிகளில் எனக்கு நடந்ததைக் கணவனிடமே சொல்ல முடியவில்லை. "நீங்கள் மனம் திறக்கவில்லை" என்று ஃபைலில் எழுதினார்கள். பிறகு வேறு இடத்தில் ஒரு பெண் கவுன்சிலர் தனியாக உட்கார்ந்து, முதல் கேள்வியாக எப்போதிலிருந்து தூக்கம் இல்லை என்று கேட்டார். இரண்டாவதாக, வீட்டில் அடி உண்டா என்று கேட்டார். குடியைப் பற்றி மூன்றாவதாகத்தான் கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்கு யாரும் மருந்து கொடுக்காததால் நானே பிராந்தியால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. உங்கள் அக்கா கதையும் அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. குடியை மட்டும் நிறுத்திவிட்டு அந்தச் சோர்வை அப்படியே விட்டால் நிற்காது.

மூன்றாவது, சாயங்காலம் பார்வையாளர் நேரம். ஆண்கள் வார்டில் மனைவி, அம்மா, அக்கா எல்லாரும் டிபன் கேரியரோடு வருவார்கள். எங்கள் பக்கம் வருவது அபூர்வம். வீட்டில் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்ற சண்டையில் எங்களைப் பாதியிலேயே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் பத்தாம் நாளே "சரியாகிவிட்டது" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனவர்கள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. அத்தான் இன்னும் வீட்டில் பாட்டில் வாங்கி வைக்கிறாரா?

வைகைக்கரை

வைக்கிறார். லாரியிலிருந்து இறங்கியதும் இரண்டு பெக் போடுவது அவருக்குப் பழக்கம். பீரோவில் பூட்டி வைக்கிறேன் என்கிறார்.

கரிசல்காட்டான்

உழைத்துக் களைத்து வருகிற மனுஷன் இரண்டு பெக் போடுவதை எப்படி நிறுத்தச் சொல்வது? நோய் அவருக்கா, அக்காவுக்கா? பிள்ளை பெற்றவளுக்குப் பொறுப்பு வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

கூழாங்கல்

பீரோச் சாவி எங்கே இருக்கும் என்று எனக்கு ஐந்து நிமிடத்தில் தெரியும் அண்ணா. நான் பார்க்காத வீட்டில்கூடத் தெரியும். அக்காவுக்குத் தெரியாதா?

மூன்றாவது_பெஞ்ச்

நான் எழுதியே ஆக வேண்டும். என் மனைவிக்குத்தான் இந்த நோய். குடும்பத்தினருக்கான வகுப்பு என்று ஒன்று வைப்பார்கள், அதில் நான் ஒருவன்தான் ஆண். மற்ற எல்லாரும் மனைவிமார்கள், சில அம்மாக்கள். கையில் கொடுத்த தாளில் "உங்கள் கணவர் குடித்துவிட்டு வந்தால்" என்று இருந்தது. அந்த அக்காமார்கள் என்னை வேற்றுக்கிரகவாசி மாதிரி பார்த்தார்கள், அப்புறம் அவர்கள்தான் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தார்கள். சொன்ன விஷயம் என்னவோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். இந்த நோயை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, நம்மால் குணப்படுத்தவும் முடியாது என்று அல்-அனான் கூட்டங்களில், அதாவது குடிநோயாளிகளின் குடும்பத்தினர் கூடிப் பேசும் இடத்தில், சொல்வார்கள். அது மண்டையில் ஏற எனக்கு நாளானது.

கவுன்சிலர் எனக்குச் சொன்னதில் வேலை செய்தவற்றைச் சொல்கிறேன். வேலையிலிருந்து வந்ததும் மனைவியின் வாயை மோந்து பார்ப்பேன். அதை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பதிலாக அவளே விரும்பி, காலையில் என் எதிரில் மாத்திரையைப் போடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அவளுக்குக் கொடுத்தது நால்ட்ரெக்சோன். குடிக்கும் வேட்கையைக் குறைக்கும், ஆனால் ஈரல் டெஸ்ட் பார்த்துத்தான் தொடங்கினார்கள். சமையல்கட்டில் மாலை ஐந்திலிருந்து எட்டு மணிவரைதான் அவளுக்கு மோசமான நேரம். நான் ஷிப்ட் மாற்றி அந்த நேரத்தில் வீட்டில் இருந்தேன். பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என் பொறுப்பு. ஒரு மாதம் தோசை வட்டமாக வரவில்லை, யாரும் சாகவில்லை. வீட்டில் பாட்டில் கிடையாது. எனக்கும் கிடையாது, வரும் மச்சானுக்கும் கிடையாது. கரிசல் அண்ணா, அத்தானின் களைப்பு உண்மைதான். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வலிப்பு வரும் அளவுக்கு ஒரு பொருள் விஷமாகிவிட்டால், அது அந்த வீட்டுக்குள் வரக் கூடாது. அவ்வளவுதான்.

ஒரு கல்யாண வீட்டில் அவள் மறுபடியும் குடித்தாள். என் அம்மா "பார்த்தியா" என்றார். நாங்கள் மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போய்விட்டோம். அதற்கு முன்பெல்லாம் வெட்கப்பட்டு மாதக்கணக்கில் போகாமல் இருப்போம், அதற்குள் பழையபடி ஆகிவிடும். சறுக்கல் வரும் என்று முதலிலேயே கவுன்சிலர் சொல்லி, வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லியிருந்தார். அதுதான் காப்பாற்றியது.

தம்பி, மூத்தவள் பாட்டிலைக் காட்டினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தை ராத்திரி எல்லாம் அம்மாவைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அது உன்னால் வந்தது இல்லை, பாட்டில் தேடுவது உன் வேலை இல்லை, அம்மா விழுந்தால் மாமாவுக்குப் போன் செய்தால் போதும். எங்கள் மகளிடம் இதை யாரும் வெகுநாள் சொல்லவில்லை. பள்ளியில் மார்க் குறைந்ததை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடையாறு_ஆலமரம்

மூன்றாவது_பெஞ்ச் சொன்னதற்கு ஒரு பின்னணி உண்டு. நம் ஊரில் குடிநோய்க்கு முறையான சிகிச்சை வளர்ந்ததே ஒரு மனைவியால்தான். சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டிடிகே மருத்துவமனை என்றால் எல்லாருக்கும் தெரியும். 1992-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குடிப்பவர் திருந்தினால் போதாது, கூட இருந்து நொந்தவருக்கும் சிகிச்சை வேண்டும் என்று குடும்பத்தினருக்குத் தனியாக நிகழ்ச்சி வைத்ததும், திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டதும் அவர்கள் செய்த பெரிய வேலை.

அல்-அனானும் 1951-ல் அமெரிக்காவில் குடிநோயாளிகளின் மனைவிமார்கள் தொடங்கியதுதான். ஆகவே இந்தத் துறையில் குடும்ப ஆதரவு என்றாலே மனைவி வந்து உட்காரும் நாற்காலி என்று ஆகிவிட்டது. குடிப்பது மனைவியாக இருந்தால் அந்த நாற்காலியில் யார் உட்காருவது? கணவர் வேலை இருக்கிறது என்பார், மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பெற்ற அம்மாவுக்குத் தெரியக் கூடாது. வைகைக்கரை எங்கே சேர்ப்பது என்று கேட்கிறார். கட்டில் எப்படியாவது கிடைத்துவிடும். அந்த நாற்காலி காலியாக இருந்தால் கட்டில் கிடைத்தும் பிரயோஜனம் இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள். இப்போதே.

மேலமாசிவீதி_வக்கீல்

சட்டக் கேள்விக்கு வருகிறேன். 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளும் அடக்கம். ஆகவே மறுவாழ்வு மையம் நடத்துகிறவர்களுக்கும் அதன் விதிகள் உண்டு, பதிவு உண்டு. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போவது சட்டப்படி அட்மிஷன் ஆகாது. நோயாளியே கேட்டுச் சேர்வதுதான் முதல் வழி. அவரால் முடிவெடுக்க முடியாத நிலை என்றால் 89-வது பிரிவின்படி, அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் நிற்பவர், மனுக் கொடுக்க வேண்டும், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அப்படியும் முதலில் 30 நாள்வரைதான். எடுத்த எடுப்பில் மூன்று மாதம் என்று பூட்டி வைக்க முடியாது. சங்கிலி போடுவது 95-வது பிரிவில் தடை. மொட்டை அடிக்கக் கூடாது, சொந்த உடை உடுத்த விட வேண்டும், மாதவிடாய்க்குத் தேவையானதைக் கொடுக்க வேண்டும். இவை 20-வது பிரிவில் இருக்கின்றன. போன் பேசவும் பார்வையாளரைச் சந்திக்கவும் உரிமை உண்டு.

உங்களுக்கு முக்கியமானது 21-வது பிரிவு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்குத் தாயால் ஆபத்து, அல்லது குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் அது தேவை என்று மனநல மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பிரித்தாலும் தாய் மேற்பார்வையில் குழந்தையைப் பார்க்கலாம், அந்த முடிவை 15 நாளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். சின்னவனுக்கு இரண்டரை வயது என்றீர்கள். நடைமுறையில் எல்லா இடத்திலும் குழந்தையோடு தங்க வசதி இருக்காது, ஆனால் "பார்க்கவே விட மாட்டோம்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

பிள்ளைகளைப் பறிப்பார்களா என்ற பயத்தில்தான் பாதிப் பெண்கள் சிகிச்சைக்கே வருவதில்லை. சிகிச்சை விவரம் ரகசியம். முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து இப்போதும் மனநோய் இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது என்று சட்டமே சொல்கிறது. பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்கு வந்தால் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலன். 1956-ம் வருட இந்து இளவர் சட்டப்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்த சீட்டு கையில் இருந்தால் நான் அதைத் தாய்க்குச் சாதகமாகத்தான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு வேறு மாதிரி வாதாடும், அது வேறு விஷயம்.

காசு விஷயம்: தனியார் மெடிக்கிளெய்ம் பாலிசியில் விலக்கு 12 என்று ஒன்று இருக்கும். குடி, போதைச் சிகிச்சைச் செலவு அதில் வெளியே போய்விடும். பாலிசி இருக்கிறதே என்று நம்பிப் பெரிய இடத்தில் சேர்த்துவிட்டுப் பில்லைப் பார்த்து மயங்காதீர்கள்.

பெங்களூர்_தமிழன்

இங்கே பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையத்தில் பெண்களுக்குத் தனி வார்டு இருக்கிறது. புற நோயாளிப் பிரிவில் தமிழில் பேசியே சமாளிக்கலாம். தூரம் ஒரு பிரச்சினை, ஆனால் "ஊருக்குத் தெரியக் கூடாது" என்கிற அத்தானுக்கு அது வசதியாகவும் இருக்கலாம்.

களப்பணி

2019-ல் மத்திய சமூக நீதித் துறை வெளியிட்ட கணக்கெடுப்பில், குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். பெண்களுக்கு ஏன் தனி வார்டு இல்லை என்று கேட்டால் இந்த எண்ணைத்தான் காட்டுவார்கள். வாசலில் மாமியார் நிற்கும்போது கதவைத் தட்டி, குடிப்பீர்களா என்று கேட்டால் எந்த மருமகள் ஆமாம் என்பாள் என்று யாரும் யோசிப்பதில்லை. அதே கணக்கெடுப்பில் இன்னொன்று உண்டு. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அந்த ஒருவர் ஆணா பெண்ணா என்று ஊகித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதில் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் குடித்ததைப் பற்றி அதன் பிறகும் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பெண் உடம்பில் நீர்ச்சத்து குறைவு, வயிற்றில் சாராயத்தை உடைக்கும் நொதியும் குறைவு. அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் அதிகம் ஏறும், ஈரல் சீக்கிரம் கெடும். ஆண்கள் பல வருடம் குடித்து வந்து சேரும் இடத்துக்குப் பெண்கள் இன்னும் விரைவாக வந்துவிடுகிறார்கள். ஆகவே தள்ளிப்போட நேரம் இல்லை.

எங்கே தொடங்குவது என்றால் 14416, டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை. போதைக்கென்றே 14446 இருக்கிறது. வீட்டில் அடிதடி இருந்தால் பெண்கள் உதவி எண் 181. அரசு மருத்துவமனைகளில் 2025-லிருந்து கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் வந்திருக்கின்றன. மதுரை ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு புற நோயாளிச் சீட்டுப் போட்டு ஆரம்பிப்பதே உங்களுக்கு எளிது. யாராவது கர்ப்பமாக இருந்து இதைப் படித்தால், குடியோ ஊசியோ மாத்திரையோ எதையும் வீட்டில் திடீரென்று நிறுத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். திட்டினாலும் பரவாயில்லை, போங்கள்.

கரிசல்காட்டான்

சரி சரி, மாத்திரை விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் ஆத்தாவுக்கு 70 வயது, வெற்றிலையோடு புகையிலை. வாயில் வெள்ளையாகத் திட்டு இருக்கிறது. அதற்கும் இந்த மாதிரி போன் இருக்கிறதா?

களப்பணி

1800 11 2356, புகையிலையை விடுவதற்கான இலவச எண். ஆனால் வெள்ளைத் திட்டு என்றால் போனை அப்புறம் செய்யுங்கள், முதலில் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ வாயைக் காட்டுங்கள். அது புற்றுக்கு முந்தின நிலையாக இருக்கலாம். இந்த வாரமே.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். "எனக்குப் போன வருஷமே தெரியும், நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்தேன்" என்றார். ஒரு வீட்டில் இத்தனை பேர் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அக்காவிடம் நானும் அம்மாவும் சேர்ந்து காலையில் பேசினோம், அவள் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து. பிள்ளைகளை விட்டுப் போக வேண்டியிருக்குமா என்று மட்டும்தான் கேட்டாள். வக்கீல் சார் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவளே சீட்டில் கையெழுத்துப் போட்டாள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். மாத்திரை அட்டை, வலிப்பு வந்தது எல்லாவற்றையும் சொன்னோம், முதலில் பி1 ஊசிதான் போட்டார்கள். அம்மா கூடத் தங்கியிருக்கிறார். சின்னவனைப் பகலில் என் மனைவி தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிறாள். மூத்தவள் என் வீட்டில். பாட்டில் தேடுவது உன் வேலை இல்லை என்று சொன்னதும் "அப்படின்னா நான் தூங்கலாமா" என்று கேட்டாள்.

அத்தான் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். பீரோ பாட்டிலை லாரிக்கு மாற்றிவிட்டேன் என்றார். அது எந்த அளவுக்கு நல்லது என்று தெரியவில்லை, லாரி ஓட்டுகிறவர்.

மூன்றாவது_பெஞ்ச்

அத்தானை ஒரு நாள் கவுன்சிலரிடம் கூட்டிப்போங்கள். அக்காவுக்காக என்று சொல்லிக் கூட்டிப்போங்கள், அவருக்காக என்று சொன்னால் வர மாட்டார். என் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அவரோடு நான் பேசுகிறேன்.

வைகைக்கரை

ரொம்ப நன்றி அண்ணா. இன்னொரு சந்தேகம் சிஸ்டர். வீட்டுக்கு வந்ததும் உடம்பு தேற தசமூலாரிஷ்டம் கொடுக்கலாம் என்று அம்மா வாங்கி வைத்திருக்கிறார். பிரசவத்துக்கும் அதைத்தான் கொடுத்தோம். பிரச்சினை இல்லையே?

வார்டு_சிஸ்டர்

கொடுக்க வேண்டாம். எந்த அரிஷ்டமும், எந்த ஆசவமும் வேண்டாம். அவை புளிக்க வைத்துச் செய்பவை, தானாக உண்டாகும் ஆல்கஹால் உள்ளே இருக்கும். பாட்டில் லேபிளிலேயே எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும், அம்மாவிடம் காட்டுங்கள். டாக்டர் டைசல்ஃபிராம் தொடங்கினால் அந்த இரண்டு மூடியே வேலையைக் காட்டிவிடும். சில இருமல் சிரப், வாய் கொப்பளிக்கும் திரவம் இவற்றிலும் இருக்கிறது, வாங்கும்போது ஆல்கஹால் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். உடம்பு தேற முட்டையும் கீரையும் பருப்பும் போதும். தயமின் மாத்திரையை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பார்கள், அதைத் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிவியூ தேதியில் அம்மாவும் கூட வரட்டும்.